சுருங்கிய சுவாசப்பையும் சிறுதுளைச் சத்திரசிகிச்சையும்

மருத்துவக் கருவிகளின் வரலாற்றைத் தனிமனித மேதைமையின் வரலாறாக மட்டும் நோக்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. அவை எந்நோய்ச் சூழலிற் பிறந்தன, எத்தேவைகளால் மாறின என நாம் வினவும்போதே அவற்றின் முழுப்பொருளும் புலனாகும். சுருங்கிய சுவாசப்பைக்குச் செய்யப்படும் சிறுதுளைச் சத்திரசிகிச்சை இதற்குத் தக்கதோர் உதாரணமாகும்.

சுவாசப்பையைப் போர்த்திய சவ்வுக்கும் மார்புச்சுவரின் உட்சவ்வுக்கும் இடையிலுள்ள அமுக்கம் வளிமண்டல அமுக்கத்திலும் குறைவானது. சுவாசப்பை விரிந்து நிற்பது அதனாலேயே. அவ்விடைவெளியிற் காற்றுப் புகின் அது சுருங்கிவிடும். உயர்ந்து மெலிந்த இளைஞரிடத்து, சிறப்பாகப் புகைபிடிப்போரிடத்து, சுவாசப்பையின் உச்சியிலுள்ள காற்றுக்கொப்புளம் வெடிப்பதால் இது நேர்வதுண்டு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்கள் இதே சுருக்கத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தினர். ஐரோப்பியத் தொழில் நகரங்களின் நெருக்கமான குடியிருப்புகளிற் சயரோகம் மலிந்திருந்த காலம் அது. நோயுற்ற சுவாசப்பைக்கு ஓய்வளிக்குமுகமாக மார்பினுட் காற்றைச் செலுத்தும் முறையை இத்தாலிய மருத்துவர் கார்லோ போர்லானினி முன்வைத்தார். சவ்வுகள் ஒட்டியிருந்தவிடத்து அது பயனளிக்கவில்லை. சிறுநீர்ப்பையை நோக்கும் குழற்கருவியை மார்பினுட் செலுத்தி நோக்கியமை பற்றி 1910இல் எழுதிய ஸ்ரொக்ஹோம் மருத்துவர் யாக்கோபேயஸ், பின்னர் அவ்வழியே அவ்வொட்டுகளைத் துண்டித்தார். 1940களில் ஸ்ரெப்ரோமைசின் கண்டறியப்பட்டபின் இம்முறை படிப்படியாக அருகியது.

1990களின் தொடக்கத்தில் வீடியோக் கமெராவின் துணையுடன் அது புத்துயிர் பெற்றது, நோக்கமோ தலைகீழாயிற்று. முதன்முறை நோயுற்றோர் பலருக்குக் காற்றைக் குழாய்மூலம் வெளியேற்றுவதே போதுமானது. எனினும் அவர்களுள் ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு நோய் மீள்கிறது. மீளும்போதும் காற்றுக்கசிவு நில்லாதபோதும் சத்திரசிகிச்சை வேண்டப்படும். நோயாளியை மயக்கி, மறுபக்கச் சுவாசப்பைக்கு மட்டும் காற்றூட்டி, விலாவெலும்புகளிடையே இடப்படும் ஒன்று முதல் மூன்று சிறுதுளைகள் வழியே கொப்புளத்தை வெட்டியகற்றி அவ்விடத்தைத் தைத்துவிடுவர். பின்னர் மார்புச்சுவரின் உட்சவ்வை உரசியோ, தால்க் பொடி தூவியோ இரு சவ்வுகளையும் ஒட்டச் செய்வர். அன்று ஒட்டை அறுக்கப் புகுந்த கருவி இன்று ஒட்டை உண்டாக்கப் புகுகிறது.

மார்பை அகலத் திறக்கும் முறையிலும் இதில் நோய் மீளும் வாய்ப்பு சற்று அதிகம். ஆயினும் வலி குறைவு, வீடுதிரும்பல் விரைவு. ஒவ்வொரு நாள் ஓய்வும் ஒரு நாட்கூலியின் இழப்பாகும் தொழிலாளிக்கே இவ்விரைவு மிகவும் வேண்டப்படுவது. ஆனால், ஒருமுறை பயன்படுத்தி எறியப்படும் தைப்புக்கருவிகளின் விலை வறிய நாடுகளின் பொது மருத்துவமனைகளுக்குப் பெருஞ்சுமை. வறியோரின் நோயாகிய சயரோகத்துக்கெனப் பயின்ற ஒரு முறை, இன்று வறியோருக்கே எட்டாக்கனியாகும் இம்முரண்பாட்டை மருத்துவ நுட்பத்தால் மட்டும் தீர்த்துவிட முடியாது என்பதே எமது கருத்தாகும்.