பத்து நாள் கப்பல்

1944 நவம்பர் 28 மாலை ஜப்பானின் யோகோசுகா துறைமுகத்திலிருந்து ஷினானோ என்ற விமானந்தாங்கிக் கப்பல் புறப்பட்டது. கடற்படையில் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. மிச்ச வேலையை முடிக்கக் கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்கள் சுமார் 300 பேர் உள்ளேயே இருந்தார்கள். 12 கொதிகலன்களில் எட்டுதான் ஓடின.

யமாட்டோ வகையில் மூன்றாவது போர்க்கப்பலாக 1940-இல் கட்ட ஆரம்பித்தது, மிட்வே சண்டைக்குப் பிறகு விமானந்தாங்கியாக மாறியது. நீளம் 266 மீட்டர். அன்றைக்கு எடையில் அதைவிடப் பெரிய விமானந்தாங்கி உலகத்தில் இல்லை. 1945-இல் முடிய வேண்டிய வேலை. பிலிப்பைன் கடல் சண்டையில் ஜப்பானின் மூன்று விமானந்தாங்கிகள் போனதும், அக்டோபருக்குள் முடித்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது.

என் மனம் போய் நிற்பது ஒரு சின்ன வேலையில். கப்பலின் ஒவ்வொரு அறையையும் மூடி, உள்ளே காற்றை அழுத்தி, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்கள். நேரமில்லை என்று அதைக் கைவிட்டார்கள். கேபிளுக்கும் குழாய்க்கும் சுவரில் போட்ட துளைகள் பல அடைபடவில்லை. நீர் புகாத கதவுகள் பல பொருத்தப்படவே இல்லை. முன்னெச்சரிக்கை மணி ஒன்றும் அடித்தது. அக்டோபர் 5-ஆம் தேதி உலர்துறையில் தண்ணீர் விட்டபோது மதகு பெயர்ந்து, பாய்ந்த வெள்ளத்தில் கப்பல் சுவரில் மோதி முன்பக்கம் நசுங்கியது. அதைப் பழுது பார்த்தார்கள். அவசரத்தை மட்டும் தளர்த்த யாருக்கும் மனம் வரவில்லை.

நவம்பர் 29 அதிகாலை மூன்றேகால் மணி வாக்கில் ஆர்ச்சர்ஃபிஷ் என்ற அமெரிக்க நீர்மூழ்கி ஆறு டார்பிடோக்களை விட்டது. நான்கு பட்டன. கப்பல் நிற்காமல் ஓடியது. அடைக்காத துளை வழியே தண்ணீர் அடுத்த அறைக்குப் போனது, அங்கிருந்து அடுத்ததற்கு. ஏறக்குறைய ஏழரை மணி நேரம் கழித்து, 11 மணிக்குச் சற்று முன்னால் கவிழ்ந்து மூழ்கியது. இறந்தவர்கள் 1,400-க்கு மேல்.

நான்கு டார்பிடோ வாங்கினால் எந்தக் கப்பலும் தாங்காது, வேகத்தைக் குறைக்காததும் தப்பு என்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் ஏழரை மணி நேரம் கொஞ்ச நேரமா? கசிவு பார்த்து, கதவு பொருத்தி, துளை அடைத்த கப்பலாக இருந்தால் அத்தனை நேரத்தில் தண்ணீரை ஓரிடத்தில் கட்டிப்போட்டிருக்க முடியும் என்றே நம்புகிறேன். தேதிக்காகச் சோதனையை விடுவது எந்த வேலையிலும் எனக்குக் கிலி தரும் விஷயம். கீழ்த்தளத்தில் இருப்பவனுக்கு எந்தச் சோதனையை விட்டார்கள் என்று யார் சொல்லியிருப்பார்கள்?

பிழைத்த ஆயிரத்துச் சொச்சம் பேரும் உடனே வீடு திரும்பவில்லை. செய்தி கசிந்துவிடக் கூடாதென்று ஜனவரி வரை ஒரு சிறு தீவில் அவர்களை அடைத்து வைத்தார்கள்.