கட்டற்ற மென்பொருளும் தமிழ் மாணவரும்

'வள்ளூர்' என்னும் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன? தமிழ் படித்த எவரும் தயங்காது நான்கு என்பர். வ, ள், ளூ, ர் என எண்ணியும் காட்டுவர். இதே வினாவை ஒரு கணினி நிரலிடம் கேட்டால் அது பெரும்பாலும் ஏழு என்றே விடை தரும். வடசென்னையைக் கடந்து அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர் என நீளும் இருப்புப்பாதையை ஒட்டிய இவ்வூரில் 500 மெகாவாட் திறனுடைய மூன்று அலகுகளைக் கொண்ட அனல்மின் நிலையம் இயங்குகிறது. கணினிகளை இயக்கும் மின்னாற்றல் பிறக்கும் ஊர்களுள் ஒன்றின் பெயரையே கணினி பிழைபட எண்ணுகிறது. இப்பிழையைத் திருத்தும் பொறுப்பு யாருடையது? தமிழ் மாணவருக்கும் அதில் பங்குண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பிழையின் வேர்

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண்கள் வழங்கும் பொதுக் குறியேற்ற முறை ஒருங்குறி எனப்படும். 1991-இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரப்படவில்லை. உயிரெழுத்துகள், அகரம் ஏறிய உயிர்மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி ஆகியவை தனித்தனியே எண் பெற்றன. ஆகவே 'ளூ' என்பது ளகரமும் ஊகாரக் குறியுமாக இரண்டு. 'ள்' என்பது ளகரமும் புள்ளியுமாக இரண்டு. 'ர்' என்பதும் அவ்வாறே இரண்டு. முதலில் நிற்கும் வகரத்தையும் கூட்ட, ஏழு ஆகிறது. நம் இலக்கணம் மெய்யை முதலாகக் கொண்டு, அதனோடு உயிர் கூட உயிர்மெய் பிறக்கும் என்கிறது. கணினியோ உயிர்மெய்யை முதலாகக் கொண்டு, புள்ளியிட்டு மெய்யைப் பெறுகிறது.

அகரவரிசையிலும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. எம் துறை மாணவர் சிலர் கடற்கரைத் தொழிற்சொற்களைத் திரட்டி, ஒரு சிறு நிரலால் வரிசைப்படுத்த முயன்றனர். 'வள்ளம்' முன்னும் 'வவ்வால்' பின்னும் வந்தன. 'இறால்' முன்னும் 'இழுவைப் படகு' பின்னும் வந்தன. ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்னும் நம் நெடுங்கணக்குக்கு இது மாறானது. ஒருங்குறியின் இந்திய மொழிப் பகுதிகள் இந்திய அரசின் பழைய குறியேற்ற முறையைத் தழுவி, தேவநாகரியோடு இணையாக அடுக்கப்பட்டவை. அதனால் னகரம் நகரத்தின் பக்கத்திலும், றகரம் ரகரத்தின் பக்கத்திலும் அமர்ந்தன. வகரம் ழகரத்துக்கும் பின்னே சென்றது. எண் வரிசையை மட்டும் பார்த்து அடுக்கும் நிரலுக்கு நம் அகராதி மரபு தெரிய வழியில்லை. நிரலில் வல்ல ஒருவர் இப்பட்டியலைக் கண்டு குறையேதும் உணராமல் போகலாம். குறையை முதலில் உணர்ந்தவர்கள் தமிழ் மாணவர்களே.

கட்டற்றது எனில் யாது?

ஒரு நிறுவனம் தன் மென்பொருளின் மூலநிரலை மூடி வைத்திருந்தால், நாம் குறையை எடுத்துரைத்துவிட்டுக் காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. மூலநிரல் திறந்திருப்பின் நாமே திருத்தலாம். 1983-இல் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தபோது வலியுறுத்தியது இவ்வுரிமையையே. மென்பொருளை எந்நோக்கத்துக்கும் இயக்குதல், அதன் உள்ளமைப்பை ஆராய்ந்து மாற்றுதல், படியெடுத்துப் பிறருக்கு வழங்குதல், மாற்றிய வடிவத்தையும் வழங்குதல் ஆகிய நான்கும் பயனாளரின் உரிமைகள் என்பது அவ்வியக்கத்தின் கொள்கை. 1989-இல் வெளியான குனு பொது உரிமம் இதற்குச் சட்ட வடிவம் தந்தது. 1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை எழுதி உலகோர் முன் வைத்தார். அது பல்லாயிரவர் கைபட்டு வளர்ந்ததை இன்று அனைவரும் அறிவர். 'திறமூலம்' என நாம் வழங்கும் பெயரின் ஆங்கில மூலம் 1998-இல் வழக்கிற்கு வந்தது.

இவ்விடத்துத் தமிழின் நயம் ஒன்று கருதத்தக்கது. ஆங்கிலத்தில் விடுதலையுடையது, விலையில்லாதது என்னும் இரு பொருளையும் ஒரே சொல் தருவதால், அவ்வியக்கத்தார் ஓயாது விளக்கம் கூற வேண்டியதாயிற்று. நமக்கோ 'கட்டற்ற' என்பது வேறு, 'இலவச' என்பது வேறு. மொழிபெயர்ப்பாளர் இதனை மறந்து 'இலவச மென்பொருள்' என எழுதின், இயக்கத்தின் உயிர்ப்பொருளே போய்விடும்.

இம்முறை நமக்குப் புதிதன்று. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து ஏரியைத் தூர்வாரிக் கரை உயர்த்திய குடிமராமத்து நம் ஊர்களில் இருந்ததே. மண் சுமந்தவரும் சுமவாதவரும் நீர் பெற்றனர்; ஆயினும் ஒருவரும் சுமக்காவிடில் ஏரி தூர்ந்துபோகும். கட்டற்ற மென்பொருளும் அத்தகைய பொதுச்சொத்தே ஆகும்.

பங்களிக்கும் முறை

பங்களிப்பின் முதற்படி, குறையைத் தெளிவாக எழுதித் தெரிவிப்பதாகும். 'தமிழ் சரியாக வரவில்லை' என்பது பயன்படாது. 'இன்ன பதிப்பில் இன்ன சொல்லை உள்ளிட்டோம். இவ்வாறு வருமென எதிர்பார்த்தோம். இவ்வாறு வந்தது' என எழுதுதல் வேண்டும். நோயாளி மருத்துவரிடம் உரைப்பது போன்றது இது. அடுத்து, திட்டத்தின் மூலநிரலைப் படியெடுத்துத் தம் படியில் திருத்தம் செய்து, காரணத்துடன் அனுப்புவர். பொறுப்பாளர் அதனை ஆராய்ந்து வினா எழுப்புவார், மாற்றச் சொல்வார், சிலபோது மறுப்பார். ஏற்றபின் அத்திருத்தம் எவர் செய்தது, எந்நாளில் செய்தது என்னும் பதிவோடு பொதுநிரலில் சேரும். இவ்வரலாற்றைக் காக்கும் 'கிட்' என்னும் கருவியையும் 2005-இல் டோர்வால்ட்சே தொடங்கினார். மறுப்பை அவமதிப்பாகக் கொள்ளாத மனம் இங்கு வேண்டும். ஆய்வேட்டை நெறியாளர் திருத்துவதற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை.

மேற்கூறிய எண்ணல், அடுக்கல் குறைகள் இவ்வழியிலேயே தீர்வு பெற்றன. முத்து அண்ணாமலையும் அவர்தம் தோழர்களும் உருவாக்கிய 'ஓபன் தமிழ்' என்னும் நிரல்தொகுப்பு ஒரு சொல்லை இலக்கணப்படி எழுத்து எழுத்தாகப் பிரிக்கிறது. அகராதி முறையில் வரிசைப்படுத்தவும் செய்கிறது. அத்தொகுப்பின் துணையோடு எண்ணினால் வள்ளூர் நான்கெழுத்தே ஆகும். தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத உதவும் 'எழில்' என்னும் கணினிமொழியையும் ஆக்கியவர் முத்து அண்ணாமலையே.

மொழிபெயர்ப்பில் இலக்கணம்

நிரல் எழுத அறியாதவர்க்கு மொழிபெயர்ப்பு எளிய வாயில். லிப்ரெ ஆபிஸ், பயர்பாக்ஸ் போன்ற மென்பொருள்களின் திரைச்சொற்களைத் தன்னார்வலர்களே தத்தம் மொழிக்கு ஆக்கித் தருகின்றனர். எனினும் இதில் அகராதி மட்டும் போதாது. பொத்தானில் 'சேமி' என எழுதுவதா, 'சேமிக்கவும்' என எழுதுவதா? பொத்தானை அழுத்துபவர் கணினிக்கு ஏவுகிறார். ஆதலின் 'சேமி' என்னும் ஏவலே பொருந்தும். கணினி நம்மிடம் வேண்டும்போது 'கோப்பைத் தேர்ந்தெடுக்கவும்' என்னும் மரியாதை வடிவம் வேண்டும். யார் யாரிடம் பேசுகிறார் என்பதை அறியாது மொழிபெயர்த்தால் கருவியும் நம்மை ஒருமையில் விளிக்கும்.

வேற்றுமை உருபு மற்றொரு சிக்கல். ஆங்கிலத்தில் பெயரை மட்டும் மாற்றி வைத்தால் தொடர் அமைந்துவிடும். தமிழில் 'வள்ளூர்' வள்ளூரில் ஆகும். 'இராயபுரம்' இராயபுரத்தில் ஆகும். கணினி வெற்றிடத்தில் பெயரை இட்டு 'இல்' எனச் சேர்த்தால் 'இராயபுரம்இல்' என்னும் கொடுமை விளையும். தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் 'ஊர்: இராயபுரம்' எனத் தொடரையே மாற்றி அமைப்பார். புணர்ச்சி விதிகளைத் தேர்வுக்கு மட்டும் படித்தவர்கள் அவற்றின் நடைமுறைப் பயனை இங்கே காணலாம். பொறி தந்த மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டி எண்ணிக்கை காட்டுவது பங்களிப்பு ஆகாது. பின்வருவோர் அதனைக் களையவே உழைக்க நேரும்.

முன்னோடிகள்

நிரல் தொடர்பற்ற பொதுப்பணிகளும் உண்டு. 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்து வாழ் அறிவியலாளர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தன்னார்வலர்களின் தட்டச்சாலும் மெய்ப்புத் திருத்தத்தாலும் வளர்ந்தது. சங்க இலக்கியம் முதல் உமறுப் புலவரின் சீறாப்புராணம் வரை யாவும் அதில் இன்று கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது. 2017-இல் மொசில்லா தொடங்கிய 'காமன் வாய்ஸ்' திட்டம் மக்களின் குரலையே கொடையாகப் பெற்றுப் பொதுவில் வைத்தது. இது நம் பகுதியினர் ஊன்றி எண்ண வேண்டிய செய்தி. காசிமேட்டு மீனவர் பேச்சும் எண்ணூர்த் தொழிலாளர் பேச்சும் இத்தகைய தொகுப்புகளில் இடம்பெறாவிடில், நாளைய பேசும் பொறிகளுக்கு நம் பெற்றோரின் தமிழ் விளங்காது. விளங்காத பேச்சைப் பிழையான பேச்சு என அப்பொறிகள் ஒதுக்கவும் கூடும்.

நாம் செய்யத்தக்கன

மாணவர்கள் குழுவாக ஒரு மென்பொருளைத் தேர்ந்து அதன் தமிழ்த் திரைச்சொற்களைச் சீர்செய்யலாம். பலர் ஆர்வத்தோடு தொடங்கிப் பாதியில் விடுவதே இத்துறையின் பெருங்குறை. ஆதலின் சிறியதைத் தேர்ந்து முடித்தல் நன்று. ஆசிரியர்கள் கலைச்சொல் ஒருமைப்பாட்டைக் காக்கலாம். ஒரே கருத்துக்கு ஒரே மென்பொருளில் மூன்று சொற்கள் வருவது பயனாளரைக் குழப்பும். பெரியோர்கள் துறைமுகம், படகு, வலை, உப்பளம் சார்ந்த சொற்களைத் தம் நினைவிலிருந்து வழங்கலாம். காப்புரிமை முடிந்த பழைய நூல்களைப் படியெடுக்கத் தரலாம்.

கணினி அறிவியல் பயின்றோர்க்கே உரியது எனக் கருதி ஒதுங்கி நிற்கும் தமிழ் மாணவரை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் காண்கிறோம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்களுக்கு இத்தயக்கம் இன்னும் மிகுதி. அவர்களிடம் நாம் கூறத்தக்கது ஒன்றே. வள்ளூருக்கு நான்கெழுத்து என்பதைக் கணினிக்குக் கற்பிக்க, அது நான்கெழுத்து என அறிந்த ஒருவர் வேண்டும். அவ்வறிவு நம்மிடம் உள்ளது. அதனைப் பொதுவில் வைப்பது இனி நம் கடமையாகும்.