செத்துப் பிழைத்த நதி!

மதில் இல்லை. வாசல் இல்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை. ஆனாலும் அது அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் ஒன்று!

மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ், செயின்ட் பால் என்று இரட்டை நகரங்கள் இருக்கின்றன. இவற்றின் ஊடே மிஸிஸிபி நதி பாய்கிறது. அந்த நதியில் 72 மைல் நீளத்தையும் அதன் இரு கரைகளையும் 1988-ம் ஆண்டில் அமெரிக்கப் பாராளுமன்றம் தேசிய நதிப் பூங்காவாக ஆக்கியது.

பூங்காவின் பரப்பு சுமார் 54 ஆயிரம் ஏக்கர். இதில் தேசியப் பூங்கா இலாகாவுக்குச் சொந்தமான நிலம் மிகச் சொற்பம். மற்றவை நகரசபைகள், மாநில அரசு, தனியார் ஆகியோருடையவை. ஆகவே, பூங்காவுக்குள் வீடும் உண்டு, தொழிற்சாலையும் உண்டு, ரயில் பாதையும் உண்டு!

நடந்து வந்த நீர்வீழ்ச்சி

இங்கு முக்கியமாகப் பார்க்க வேண்டியது செயின்ட் ஆன்டனி நீர்வீழ்ச்சி. மினியாபொலிஸ் நகரின் மத்தியில் இருக்கிறது. மிஸிஸிபி நதி முழுவதிலும் இயற்கையாக அமைந்த பெரிய நீர்வீழ்ச்சி இது ஒன்றுதான். 1680-ல் இங்கு வந்த ஹென்னபின் பாதிரியார் இந்தப் பெயரைச் சூட்டினார். இந்த மண்ணின் பூர்வகுடிகளான டகோட்டா மக்கள் இதை 'ஒவாம்னியோம்னி' என்கிறார்கள்.

இந்த நீர்வீழ்ச்சி ஒரே இடத்தில் நின்றதில்லை. மேலே சுண்ணாம்புப் பாறை. அடியில் மிருதுவான மணற்பாறை. தண்ணீர் மணற்பாறையை அரிக்கும். பிடிப்பு இழந்த மேற்பாறை உடைந்து விழும். நீர்வீழ்ச்சி சற்றே பின்னுக்குப் போகும். இப்படியே 10 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, செயின்ட் பால் பக்கத்திலிருந்து நதியை எதிர்த்து நடந்து வந்திருக்கிறது!

பேராசை வெட்டிய சுரங்கம்

தண்ணீரின் வேகத்தில் மர ஆலைகளும் மாவு ஆலைகளும் ஓடின. இன்னும் அதிக சக்தி வேண்டும் என்று நதிக்கு அடியிலேயே சுரங்கம் வெட்டினார்கள்.

1869 அக்டோபர் 5-ந் தேதி நதி அந்தச் சுரங்கத்துக்குள் புகுந்தது! ஜனங்கள் ஓடி வந்தனர். மரங்களையும் பாறைகளையும் கொட்டினர். வெள்ளம் அவற்றை விழுங்கியது. நீர்வீழ்ச்சி போனால் ஆலைகள் போகும். ஆலைகள் போனால் ஊரின் பிழைப்பே போகும்.

கடைசியில் ராணுவ என்ஜினியர்கள், பாறைக்கு அடியில் சுமார் 40 அடி ஆழத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பினர். 1876-ல் வேலை முடிந்தது. நீர்வீழ்ச்சி பிழைத்தது. ஆனால் அதன் நடை நின்றது. இன்று தண்ணீர் கான்கிரீட் சரிவின் மேல்தான் வழிந்தோடுகிறது.

அதன் பிறகு சுமார் 50 ஆண்டுக் காலம் கோதுமை மாவு அரைப்பதில் இந்த ஊர் கொடி கட்டிப் பறந்தது. 1878-ல் வாஷ்பர்ன் ஆலையில் காற்றில் பறந்த மாவுத் தூசி தீப்பற்றி வெடித்தது. 18 தொழிலாளிகள் மாண்டனர். பிறகு அதே இடத்தில் கட்டிய ஆலையும் 1991-ல் தீக்கிரையானது. அதன் இடிபாடுகளுக்குள்ளேயே இன்று மியூசியம் இருக்கிறது. அருகே, 1883-ல் ரயிலுக்காகக் கட்டிய கல் பாலத்தில் இப்போது ஜனங்கள் காலாற நடக்கிறார்கள்.

ஜனாதிபதிக்காக ஓடிய அருவி

மின்னஹாஹா அருவி இன்னொரு காட்சி. உயரம் 53 அடி. ஒரு பனைமர உயரம். கடுங்குளிரில் அப்படியே உறைந்து நிற்கும்.

1964-ல் ஜனாதிபதி ஜான்சன் இதைப் பார்க்க வந்தபோது ஓடையில் தண்ணீர் வற்றியிருந்தது. அதிகாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? தீயணைப்புக் குழாய்களைத் திறந்து விட்டு அருவியை ஓட வைத்தார்கள்!

சற்றுத் தொலைவில் மினசோட்டா நதி மிஸிஸிபியில் கலக்கிறது. டகோட்டா மக்களுக்கு இது புண்ணிய பூமி. சோக பூமியும் இதுவே. 1862-ல் நடந்த போருக்குப் பிறகு, பெண்கள், குழந்தைகள், முதியோர் உள்பட சுமார் 1,600 பேரை இங்கே அடைத்து வைத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் நோயில் பலர் மாண்டனர்.

மீனில்லாத நதி

ஆலைகளால் செழித்த நகரங்கள் தங்கள் சாக்கடையை நதியில் விட்டன. 1926-ல் சோதித்தபோது, நகரங்களுக்குக் கீழே விரல்விட்டு எண்ணும் அளவு மீன்களே உயிருடன் இருந்தன!

அதன் பிறகுதான் விழித்தார்கள். 1938-ல் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையம் வந்தது. பின்னர் மழைநீருக்கும் சாக்கடைக்கும் தனித்தனிக் குழாய்கள் போட்டார்கள். நதி தெளிந்தது. மீன் வந்தது. மீனைத் தேடி வெண்தலைக் கழுகும் வந்தது!

காவல் இன்னும் தொடர்கிறது. நீர்வீழ்ச்சியைக் கப்பல்கள் ஏறிக் கடக்க 1963-ல் திறந்த மதகு வழியை 2015-ல் மூடிவிட்டார்கள். கீழிருந்து வரும் அந்நியக் கெண்டை மீன்கள் மேலே போய், உள்ளூர் மீன்களின் இரையைப் பறித்துவிடக் கூடாது என்பதற்காக!

இரு நகரங்களும் இந்த நதியின் நீரைத்தான் குடிக்கின்றன. நதியை வேலை வாங்க அவர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். அதைக் காப்பாற்றக் கற்றுக்கொள்ளத்தான் வெகு காலம் ஆயிற்று.