‘எஸ்’ என்னும் திரை

டிசம்பர் இறுதியில் பருவத் தேர்வு முடிவுகள் வெளியாகிவிடும். அதன்பின் சில தினங்களுக்குள் எந்தப் பாடத்துக்கு ‘எஸ்’ (கிரேடை மறைத்து, சராசரியில் சேர்க்காமல், தேறியதை மட்டும் காட்டும் குறி) போட்டுக்கொள்வது என்று மாணவர்கள் தீர்மானித்தாக வேண்டும். இந்தக் கெடு நெருங்க நெருங்க, பௌதிகத்தில் ஆராய்ச்சிப் பட்டம்வரை போக ஆசைப்படும் பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து வரும் கடிதங்களும் பெருகுகின்றன. பஃபலோ சாலையில் கடை நடத்தும் அன்பர் ஒருவர், “சி பிளஸை மறைத்தால் அமெரிக்காக்காரனுக்குத் தெரியுமா?” என்றே நேராகக் கேட்டுவிட்டார்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2014இல் முதல் பருவத்துக்கு அளித்த இச்சலுகை, 2016இல் முதலாண்டு முழுமைக்கும், 32 யூனிட் வரை விரிந்தது. மதிப்பெண் பயமின்றி மாணவர் புதுத்துறைகளில் பிரவேசிக்கவே இது என்பது அதிகாரபூர்வ விளக்கம். அப்படியானால், பாடத்தில் சேரும்போதே விருப்பத்தைக் கேட்பதன்றோ முறை? இங்கோ, கிரேடைக் கண்ணால் கண்ட பிறகே அதை மறைப்பதா வேண்டாமா என்று கேட்கிறார்கள். ஆகவே இதனைத் துணிவுக்கு அளிக்கும் ஊக்கம் என்பதைவிடச் சராசரியைச் செப்பனிடும் உபாயம் என்றே நான் அர்த்தம் செய்துகொள்கிறேன்.

உபாயம் சாமர்த்தியமானது என்பதில் சந்தேகமில்லை. சம யூனிட்டுள்ள ஐந்து பாடங்களில் ஒருவர் ஓர் ஏ, ஓர் ஏ மைனஸ், இரண்டு பி பிளஸ் வாங்கி, நேரியல் இயற்கணிதத்தில் மட்டும் சி பிளஸ் வாங்கினால் ஐந்துக்கு 4.0 சராசரி வரும். அந்த ஒன்றை ‘எஸ்’ ஆக்கியதும் 4.375 ஆகிவிடும். யூனிட்டும் கணக்கில் சேரும். அடுத்த பாடத்துக்குரிய முன்தகுதியும் கிடைத்துவிடும்.

கிடைக்காதது இயற்கணிதம். குவாண்டம் இயங்கியலில் ஒரு துகளின் நிலையே வெக்டராகவும், அளவீட்டில் கிட்டும் விடை ஐகன் மதிப்பாகவும் வந்து நிற்கும்போது, முதலாண்டில் திரையிட்டு மூடிய அதே பலவீனம், இம்முறை திரைக்கு வழியில்லாத உயர்நிலைப் பாடத்தின் கிரேடாகத் தலைகாட்டும். அன்பரின் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: சி பிளஸ் என்று தெரியாது, ஆனால் கணிதத்துக்கு எதிரே ‘எஸ்’ இருப்பது தெரியும், பார்ப்பவர் அதிலிருந்து எதையும் ஊகிக்கலாம். என் அபிப்பிராயத்தில் பொதுப்பாடங்களில் இச்சலுகையைத் தாராளமாக உபயோகிக்கலாம். கணிதத்திலும் பௌதிகத்திலும் பி வந்தால் அப்படியே விட்டுவிடுவதே நலம். சி வந்து மறைக்கத்தான் வேண்டுமென்றால், விடுமுறையில் அப்பாடத்தை மறுபடி கற்று, அதற்கு மேற்பட்ட கணிதப் பாடமொன்றில் நல்ல கிரேடு வாங்கிக் காட்டுவது அவசியம்.

ஏனைய கேள்விகள்:

பௌதிக ஜிஆர்இ எழுத வேண்டுமா? பல அமெரிக்கத் துறைகள் இப்போது அதை வற்புறுத்துவதில்லை. எழுதுவோர் இயங்கியலையும் மின்காந்தவியலையும் முதலில் முடிக்கட்டும்.

முதுகலை வேண்டுமா? ஐரோப்பாவுக்குப் பெரும்பாலும் வேண்டும், அமெரிக்காவுக்கு வேண்டியதில்லை.

தேசியச் சேவையில் கணிதம் மறந்துபோகுமா? போகும்.

உள்ளூரிலேயே ஆய்வுக்கு இடமுண்டா? 2007 முதல் குவாண்டம் தொழில்நுட்ப மையம் இங்கேயே இருக்கிறது.

சிபாரிசுக் கடிதம்? மூன்று தேவைப்படும், விண்ணப்பக் கெடு பல இடங்களில் டிசம்பர் நடுவில் என்பதால், உங்கள் பிள்ளையின் ஆய்வுப் பணியை நேரில் கண்ட பேராசிரியர்களிடம் செப்டம்பரிலேயே கேட்டுவிடச் சொல்லுங்கள்.