கார்ல துருப்பிடிச்ச கீறலா? ஐப்பசி மழைக்கு முன்னாடி வீட்டிலேயே சரி பண்ணலாம்!

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியாச்சு. அரக்கோணத்துல இருந்துட்டு முதல் பயணம் திருத்தணிக்குப் போகலைன்னா எப்படி? பூஜை போட்டு, பானெட்ல சந்தனம், குங்குமம் வெச்சு வீடு திரும்புவோம். அது ஒரு வாரம் வெயில்ல காயும். அப்புறம் காய்ஞ்ச துணியை எடுத்து ஒரே தேய்! பல கீறல்கள் பிறக்குறது இப்படித்தான். தண்ணி ஊத்தி ஊறவெச்சுக் கழுவினா முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்.

கீறல் விழுந்துட்டா முதல்ல நகத்தால தடவிப் பாருங்க. காரின் மேல் பூச்சில் கிளியர் கோட், அதற்குக் கீழே நிறம், அதற்கும் கீழே பிரைமர் என்று அடுக்குகள் உண்டு. எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடையாது! நகம் சிக்கவில்லை என்றால் ரப்பிங் காம்பவுண்டே போதும். நகம் சிக்கி, உள்ளே பழுப்பு நிறம் தெரிந்தால் தகடு வரைக்கும் போயாச்சுன்னு அர்த்தம். இரும்பு, ஈரம், காற்று மூணும் சந்திச்சாச்சு. இனி துரு பெயின்ட்டுக்கு அடியிலேயே பக்கவாட்டில் பரவும். ஒரு மழைக்காலம் சும்மா விட்டால், அரிசி அளவு புள்ளி ரூபாய் நாணயம் அளவுக்குப் போகலாம். வண்டியை விற்கும்போது புரோக்கர் விரல் வைக்கிற முதல் இடமும் அதுதான்.

வேலையைக் காலை வெயில் ஏறுவதற்குள் நிழலில் செய்யுங்க. மதியம் தகடு சுடும், பெயின்ட் பரவும் முன்னாடியே காய்ந்துவிடும். மழை ஈரத்தில் அடித்தால் வெளுத்துப் போகும். மாஸ்க், கையுறை கட்டாயம். தின்னர் பக்கத்தில் நெருப்பு கூடாது.

சோப்புத் தண்ணியில் கழுவி, காயவைத்து, கீறலைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. 220 நம்பர் எமரி பேப்பரைச் சின்னதா மடிச்சு, துருவை மட்டும் தேய்த்து எடுங்க. பிறகு 400. பளபளன்னு தகடு தெரியணும். பலர் சொதப்புவது இங்கேதான். துரு மேலேயே பெயின்ட் அடித்தால் ரெண்டே மாசத்துல கொப்புளம்! குழிக்குள் ஒட்டியிருக்கும் மிச்சத்துக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவலாம். அதில் இருக்கும் டானிக் அமிலம் துருவைக் கருப்பான, கெட்டியான படலமாக மாற்றிவிடும். டப்பாவில் போட்டிருக்கிற நேரம் வரை காயவிடுங்க.

அடுத்து மெல்லிசா பிரைமர். அதன்பின் நிறம். டிரைவர் கதவுப் பக்கத் தூணிலோ, பானெட்டுக்கு உள்ளேயோ இருக்கும் தட்டில் நிறக் குறியீடு இருக்கும். அதைச் சொல்லி டச்சப் பெயின்ட் வாங்குங்க. பழைய வண்டி வெளுத்திருக்கும் என்பதால் ஒரு அட்டையில் தடவி ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. சில்வர், மெட்டாலிக் நிறங்கள் என்ன செய்தாலும் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும், அதை ஏத்துக்கத்தான் வேணும். பல்குச்சி நுனியால் இரண்டு மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையே அரைமணி நேரம், கடைசியாக கிளியர் கோட். ஒரு வாரம் பொறுத்து 2000 நம்பர் பேப்பரைத் தண்ணியில் நனைத்து லேசாகத் தேய்த்து, காம்பவுண்ட் போடுங்க.

பெயின்ட் தானாகவே உப்பியிருந்தால் துரு உள்ளிருந்து வருதுன்னு அர்த்தம். ஓட்டை விழுந்திருந்தாலும் டிங்கரிங் கடைக்குத்தான் போகணும். கதவின் அடிப்பக்கம் துரு இருந்தால், தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகள் மண்ணால் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்க.

சாம்பல் பூத்த கருப்பு பம்பர், கிளாடிங் விஷயம் வேற. அது பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் மேற்பரப்பைச் சிதைக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் அன்னைக்குக் கருப்பு, மறுநாள் தூசி! ஹீட் கன் வீடியோவைப் பார்த்து இறங்காதீங்க. கறுப்பு திரும்புவது கொஞ்ச காலத்துக்குத்தான், கை தாமதித்தால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். பழைய டூத் பிரஷ்ஷும் சோப்பும் வைத்து அழுக்கை எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, பூசிக் காயவிடும் வகை டிரிம் ரெஸ்டோரர் போடுங்க. பல மாதம் நிற்கும். கண்ணாடி ஓர ரப்பர் பீடிங்கில் மட்டும் பெட்ரோலோ தின்னரோ படவே கூடாது, ரப்பர் உப்பி வெடிக்கும். அதற்கு ஈரத்துணியும் கொஞ்சம் சிலிக்கான் ஸ்பிரேயும் போதும்.