உணர்ச்சியின் நிலைக்களன்

ஆசிரியர் கூட்டமானாலும் சரி, குடும்பப் பேச்சானாலும் சரி, ஒருவர் சற்றுக் குரலை உயர்த்திவிட்டால், "உணர்ச்சிவசப்படாதீங்க, கொஞ்சம் அறிவைப் பாவிச்சுப் பேசுவோம்" என்று இன்னொருவர் சொல்லிவிடுவார். உணர்ச்சி ஒரு பக்கம், அறிவு மறு பக்கம். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்பது இந்தப் பேச்சின் உட்கருத்து. ஹட்டன் பகுதிப் பாடசாலையொன்றில் இருபது வருடங்களாகத் தமிழ் படிப்பிக்கும் நானும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்தப் பிரிவினை சரியல்ல என்பதை எனக்குக் காட்டியது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். அதை மறக்க முடியாதபடி மனதில் பதித்தது 2018 மார்ச் மாதத்து ஓர் இரவு.

எட்டும் முப்பத்திரண்டும்

உள்ளத்து உணர்வு மெய்யிலே, அதாவது உடம்பிலே, புலப்பட்டுத் தோன்றுவது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அது எட்டு வகைப்படும். பரீட்சைக்காக இதை மனனம் செய்த பலர் எட்டோடு நின்றுவிடுகிறோம். தொல்காப்பியர் நிற்கவில்லை. ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை: பிறரால் இகழப்படுவது, உரியதை இழப்பது, முன்பிருந்த நிலை கெட்டுத் தளர்வது, இல்லாமை. அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. இப்படியே மொத்தம் முப்பத்திரண்டு.

இந்தப் பட்டியலின் அடியில் ஒரு பெரிய கருத்து இருக்கிறது. உணர்ச்சி வெறுமையிலே பிறப்பதில்லை. வெளியே ஏதோ நடந்திருக்கிறது என்று அது நமக்குச் சேதி சொல்கிறது. சேதி என்றால் அது மெய்யா பொய்யா என்று விசாரிக்கலாம். விசாரிக்கக்கூடிய ஒன்று அறிவுக்குப் பகையாக இருக்க முடியாது. "அழாதே" என்று அடக்குவதைவிட, "எதை வைத்து அழுகிறாய்?" என்று கேட்பதே பயன் தரும்.

கோச்சியில் ஏறிய நான்கு

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கொடுப்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னைக்கு விடப்பட்டது. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்காது.

மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து அந்தச் சனங்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வந்ததைச் சொன்னால் வகுப்பு மாறிவிடும். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எங்க அம்மாயியோட தங்கச்சி அந்தக் கோச்சியிலதான் போனாங்களாம். கோச்சி கெளம்புன பொறகும் அம்மாயி கையை விடாம ஓடுனாங்களாம்" என்றாள். அழுகையின் நான்கு நிலைக்களன்களையும் பலகையில் எழுதி, இதில் எது அந்த ஸ்டேஷனில் இருந்தது என்று கேட்டேன். உறவைப் பிரிந்த இழவு, பிறந்த மண்ணிலேயே அந்நியர் எனப்பட்ட இளிவு, தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் வேரூன்றிய குடும்பம் நிலைகுலைந்த அசைவு, ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கிவிட்ட வறுமை. நான்கையும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். எண்கள் எத்தனை பேர் போனார்கள் என்று சொன்னன; அந்தப் போக்கின் பொருளை ஒப்பாரி சொன்னது.

நல்ல இலக்கியமும் இதைத்தான் செய்கிறது. சீறாப்புராணத்தின் மானுக்குப் பிணை நின்ற படலத்தை நினைத்துப் பாருங்கள். வேடனிடம் அகப்பட்ட பெண்மான், கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வர அவகாசம் கேட்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நிற்கிறார்கள். கன்றை நினைத்துத் தவிக்கும் தாயை உமறுப்புலவர் நம் கண்முன் நிறுத்திவிடுகிறார். நிலைக்களன் கண்ணுக்குத் தெரிந்தபின் இரக்கம் கொள்ளுமாறு நமக்கு யாரும் உபதேசிக்கத் தேவையில்லை.

அச்சம் பெருமிதமான கதை

இனி, பிறர் மனதைத் திருப்பும் பேச்சுக்கு வருவோம். தோட்டத் தொழிலாளி துரைக்கு நடுங்கிய நடுக்கத்தைத் தொல்காப்பியர் சொல்லும் 'தம் இறை' என்ற நிலைக்களனில் வைக்கலாம். 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்தார். ஹட்டன் அவர் இயங்கிய தளமாயிற்று. அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடியே சனங்களைத் திரட்டினார். 1940இல் அந்தப் பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். எழுத்துத் தெரியாதவர்களிடம் பிரசுரம் போய்ச் சேராது. பாட்டு லயத்துக்குள்ளேயே போயிற்று. அஞ்சி நின்றவர்களை அது தறுகண்மையின் பக்கம் திருப்பியது. பெருமிதத்தின் நிலைக்களன்களில் தறுகண்ணும் ஒன்றல்லவா?

இதை உணர்ச்சியைத் தூண்டிவிட்ட வேலை என்று ஒதுக்க முடியாது. பாட்டிலே சொல்லப்பட்ட துன்பத்தைக் கேட்டவர்கள் தங்கள் லயத்தில், தங்கள் பிரட்டுக் களத்தில் அன்றாடம் கண்டார்கள். மெய்யா என்று அவர்களே சரிபார்த்துக்கொள்ள முடிந்தது.

ஒரு மாவுக் கட்டி

சரிபார்க்க விடாத பேச்சும் உண்டு. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்துச் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்திருப்பதாகச் சொல்லி உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக் கட்டி என்று தெரியவந்தது. நம் குலத்தை அழிக்கிறார்கள் என்ற கோபம் 'குடிகோள்' என்ற நிலைக்களனைச் சேர்ந்தது. கூட்டத்தின் கோபம் நடிப்பல்ல. ஆனால் அது நின்ற இடம் மாவுக் கட்டி.

அடுத்த வாரம் தெல்தெனிய, திகன பகுதியில் நடந்தது வேறு விதம். வாகனத் தகராறில் முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் உயிரிழந்தார். அந்த வெகுளிக்கு 'கொலை' என்ற மெய்யான நிலைக்களன் இருந்தது. ஆனால் சிலர் செய்த குற்றத்துக்கு ஒரு சமூகத்தின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன; எரிந்த வீட்டில் ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். அரிஸ்டோட்டில் தமது 'அணியியல்' நூலில் சினத்தை ஆராயும்போது, எந்த மனநிலையில், யார்மீது, எதன் பொருட்டு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார். இப்னு ருஷ்து அந்த நூலுக்கு உரை எழுதியவர். நிலைக்களன் மெய்யாக இருந்தாலும் போதாது, உணர்ச்சி உரியவர்மீதுதான் போகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பதை 'யார்மீது' என்ற கேள்வி நமக்குச் சொல்லித் தருகிறது.

என்னுடைய பங்கு

மற்றவர்களைக் குறை சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. அந்த நாட்களில் ஓர் இரவு என் தொலைபேசிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. "நம்மட ஊருக்கு மூணு பஸ்ல ஆக்கள் வாறாங்க" என்று யாரோ நடுங்கிய குரலில் சொன்னார். யார், எங்கே கண்டது என்று நான் கேட்கவில்லை. குடும்பத்தார் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். என் தங்கை கைக்குழந்தையோடு தேயிலை மலைக்குள் போய், சுபஹ் வரை குளிரில் ஒளிந்திருந்தாள். பஸ் எதுவும் வரவில்லை. குழந்தைக்கு இரண்டு வாரம் நெஞ்சுச் சளி. "தாத்தா, வேற யாரும் அனுப்பியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். நீங்க டீச்சர்தானே" என்றாள் அவள்.

பேசியவரின் நடுக்கம் மெய், என் நடுக்கமும் மெய். பஸ்தான் பொய். வருகிற செய்தியை விசாரித்துத் தெளியும்படி ஸூரதுல் ஹுஜுராத் நமக்குக் கற்பிப்பதை எத்தனையோ தடவை பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான்.

இப்போது மெய்ப்பாட்டியல் படிப்பிக்கும்போது இலக்கிய உதாரணங்களோடு நிறுத்துவதில்லை. கோபத்தையோ பயத்தையோ உண்டாக்கிய ஒரு செய்தியை ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும். அது எதன்மேல் நிற்கிறது, கண்ணால் கண்டவர் யார், யார்மீது போகிறது என்று வகுப்பே விசாரிக்கும். சில செய்திகள் விழுந்துவிடும். சில நிற்கும், அவற்றுக்காகக் கோபப்படத்தான் வேண்டும். முதல் உதாரணமாக ஒவ்வொரு வருடமும் நான் சொல்வது, நான் அனுப்பிய அந்தக் குரல் பதிவைத்தான்.