யார் வலைப்பூ, யார் வாசல்?



டெபியன், குனோம் போன்ற கட்டற்ற மென்பொருள் அமைப்புகள் ‘பிளானட்’ என்று ஒரு பக்கம் வைத்திருக்கின்றன. பங்களிப்பாளர்கள் தத்தம் வலைப்பூவில் எழுதுவதை, புதிய பதிவுகளை மற்றத் தளங்களுக்குத் தரும் ஆர்எஸ்எஸ் (RSS) ஓடை வழியே எடுத்து, புதியது மேலே வரும்படி அடுக்கிக் காட்டும் பக்கம் அது. தமிழ்மணம் திரட்டியில் பதிவுகளைத் தேடிப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஜெஃப் வா, ஸ்காட் ஜேம்ஸ் ரெம்னன்ட் இருவரும் பைத்தானில் எழுதிய சிறு நிரலில் தொடங்கிய வழக்கம்.

எதற்கு இது? நிரலில் என்ன மாறியது என்பதை கிட் பதிவேடு சொல்லிவிடும். மாற்றியவர் எப்படிப்பட்ட ஆள், எதில் மாட்டிக்கொண்டு விழித்தார் என்பதை வலைப்பூதான் சொல்லும். நேரில் பார்த்திராதவர்கள் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் இப்படி ஒருவரையொருவர் அறிந்துகொள்வது பெரிய பலம்.

சிக்கலும் அங்கேதான். டீக்கடைப் பெஞ்சில் ஒருவர் கட்சி பேசினால் அது அவர் பாடு. அதையே கடை வாசலில் போர்டாக மாட்டினால் கடைக்காரர் தலையில் விடியும். 2012இல் பிளானட் மொசில்லாவில், ஒருபால் திருமணத்தை எதிர்க்கும் மனு ஒன்றுக்கு ஆதரவு கேட்டு ஒரு பதிவு வந்தது. எழுதியவர் எழுதியது சொந்த வலைப்பூவில்தான். படித்தவர்கள் பார்த்தது மொசில்லாவின் பக்கத்தில். பெரிய வாக்குவாதமே நடந்தது. அதன் பிறகுதான் மொசில்லாவில் சமூகப் பங்கேற்புக்கென்று எழுத்தில் விதிகள் வந்தன.

அமைப்புகள் இதில் இரண்டு பக்கமாக நிற்கின்றன. பிளானட் பைத்தான், பைத்தான் தொடர்பான பதிவுகளை மட்டும் கேட்கிறது. பிளானட் டெபியனோ, பங்களிப்பாளர்களின் வேலையோடு வாழ்க்கையையும் காட்டும் சன்னல் என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறது.

என்னைக் கேட்டால், திரட்டுவதே நல்லது. எதைத் திரட்டுவது என்பதை எழுதுபவர் முடிவு செய்யட்டும். வேர்ட்பிரஸ்ஸில் ஒவ்வொரு வகைக்கும் தனி ஓடை உண்டு. ‘டெபியன்’ என்ற வகையில் போட்டவை மட்டும் வரும் முகவரியைத் திரட்டிக்குக் கொடுத்துவிட்டால், அரசியலும் குடும்பக் கதையும் அவர் வீட்டோடு நின்றுவிடும். எல்லாவற்றையும் கொடுக்க விரும்புபவர் கொடுக்கட்டும்.

சேருகிறவர்களிடம் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒன்று, வலைப்பூவில் அழித்த பதிவு, ஓடை வழியே ஏற்கெனவே எடுத்துக்கொண்டவர்களிடம் அப்படியே இருக்கும். இன்னொன்று, வலைப்பூ மென்பொருளை மாற்றும்போது பதிவுகளின் அடையாளக் குறியீடுகள் மாறினால், பழைய பதிவெல்லாம் புதியவைபோலத் திரட்டியை நிரப்பிவிடும்.

உங்கள் குழுவும் திரட்டி தொடங்குவதாக இருந்தால், முதல் ஓடையைச் சேர்க்கும் முன்பே விதியை எழுதி எல்லோரும் பார்க்க வையுங்கள். எந்த விதிப்படி ஒரு ஓடை நீக்கப்படும், யார் நீக்குவார் என்பது அதில் இருக்கட்டும். யாருடைய பதிவிலும் கை வைக்காதீர்கள். திருத்தும் உரிமை எழுதியவருக்கு மட்டுமே.